பேங்குக்கு ஆடி கிடையாது

ஜனவரி 20, திங்கள்

நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. வழக்கமாக இதில் பவளம் பால் கணக்கு எழுதுவாள். இந்த வருடம் நான் எடுத்துக்கொண்டேன். ஒரு மனிதன் எப்படி முன்னேறினான் என்று பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஆவணம் வேண்டாமா?

இன்று கிரயப் பத்திரம் பதிவானது. மதுரையில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருபத்தாறு வருடமாக மேசை போட்டு, ஊராருக்கெல்லாம் ஒப்பந்தம் தட்டச்சு செய்து கொடுத்த நாகசுந்தரம், இன்றைக்குத் தன் பெயரிலேயே சொத்து வாங்கினான். ஆனையூரில் ஆறு போர்ஷன் உள்ள காம்பவுண்டு வீடு. கார் நுழையாத சந்து என்பதால் நாற்பத்து மூன்று லட்சத்துக்கு முடிந்தது. என் சேமிப்பு பன்னிரண்டு, பேங்குக் கடன் முப்பத்தொன்று. கூடுதல் ஜாமீனாக, நாங்கள் குடியிருக்கும் பழங்காநத்தம் வீட்டின் பத்திரத்தையும் மேனேஜர் கேட்டார். கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது பவளம் பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். மை வரவில்லை போலிருக்கிறது.

கணக்கு சுலபம். மாதத் தவணை முப்பத்தோராயிரம். ஒரு போர்ஷனுக்கு ஆறாயிரம் வாடகை, ஆறுக்கும் சேர்த்து முப்பத்தாறாயிரம். என் கடனை வாடகைக்காரர்கள் கட்டுவார்கள், மிச்சம் ஐயாயிரத்தில் நான் காபி குடிப்பேன். பதினைந்து வருடம் கழித்துக் கட்டடம் எனக்கு.

பவளத்திடம் இதை விளக்கினேன். அவள் கல்யாணம் காட்சிக்கு அண்டா, சேர், பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறாள். படிப்பு எட்டாம் வகுப்பு.

"வருசத்துக்கு எத்தன மாசம் போட்டீங்க?" என்றாள்.

"பன்னெண்டு. வேற எத்தன?"

"எங்க கடையில பத்துதான் போடுவோம். ஆடியும் மார்கழியும் கல்யாணம் கிடையாதுல்ல."

"அண்டா வேற, வீடு வேற, பவளம்."

"ம்" என்றாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காம்பவுண்டில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. இரண்டு மாதக் காபி போச்சு.

பிப்ரவரி 11

கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. லாரி சந்துக்குள் வராதாம். நீளக் குழாய்க்குத் தனிக் கட்டணம். சந்து வீட்டின் விலை குறைந்ததற்குக் காரணம் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

புரோக்கர் சீனிச்சாமி நல்ல மூளைக்காரன். மேசைக்கு வந்து டீ வாங்கிக் கொடுத்தான். என் கணக்கில்தான்.

"ஏண்ணே, மாசாமாசம் ஆறாயிரத்துக்கு அலையிறீக? ரெண்டு போர்ஷன ஒத்திக்கு விடுங்க. ஆளுக்கு நாலு லட்சம் மொத்தமா வாங்கிக்கலாம்."

எத்தனை ஒத்தி ஒப்பந்தம் நானே தட்டச்சு செய்திருக்கிறேன்! குடிவருகிறவர் நாலு லட்சத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். மாத வாடகை கிடையாது. போகும்போது அந்த நாலு லட்சத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும். வட்டி இல்லாத கடன்! ஊரார் புத்தி எனக்கு ஏன் இத்தனை நாள் வரவில்லை?

சாப்பிடும்போது பவளத்திடம் சொன்னேன். அவள் மோர் ஊற்றிக்கொண்டே, "மாசம் ஆறாயிரம்னா வருசத்துக்கு எழுவத்திரெண்டாயிரம். நாலு லட்சத்துக்கு அதை விட்டுக்கொடுக்குறீங்க. பதினெட்டு வட்டி வருதே? பேங்குக்காரனே ஒம்போதுக்குள்ளதான கேக்குறான்?" என்றாள்.

வாடகை வராமல் இருப்பது எப்படி வட்டியாகும் என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நல்ல வேளை, புரிந்துகொண்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

ஹோட்டலில் முதலீட்டுக் கூட்டம். அனுமதி இலவசம், பிஸ்கட்டும் இலவசம். கோட்டுப் போட்ட தம்பி ஒருவர் மேடையில் நடந்துகொண்டே பேசினார். கடன் என்பது ஒரு நெம்புகோலாம். சின்னக் கையால் பெரிய பாறையைப் புரட்டலாமாம். கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்து இதையும் சொன்னேன். "பந்தலுக்குக் குழி தோண்டுறவங்க தெனமும் கடப்பாரையால நெம்புறாங்க" என்றாள் பவளம். "கல்லு நகரலைன்னா கடப்பாரை திரும்பி அவங்க தாடையிலதான் அடிக்கும். அதுக்குத்தான் பாதி நகந்ததும் அடியில ஒரு செங்கல்லை வச்சுக்கிருவாங்க."

கூட்டத்தில் செங்கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை.

மார்ச் 10, திங்கள்

இரண்டு போர்ஷன் ஒத்திக்குப் போனது. ஒருவர் இருதயராஜ், பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர், சாது. ஒப்பந்தத்தை வெளியாளிடம் கொடுத்துக் காசைக் கரைக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் இருக்கும் வாடகை ஒப்பந்த மாதிரியிலேயே 'வாடகை' என்ற இடத்தில் 'ஒத்தி' என்று மாற்றினேன். மற்ற ஷரத்துகள் எல்லாம் அப்படியே. ஐந்து நிமிட வேலை.

எட்டு லட்சம் கைக்கு வந்தது. ஒரு லட்சம் பத்திரச் செலவுக்கு வாங்கிய கைமாற்றுக்கும் சீனிச்சாமி கமிஷனுக்கும் போயிற்று. ஏழு லட்சத்தை ரிங் ரோட்டில் ஒரு மனைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். ஆறு மாதத்தில் மீதியைக் கொடுத்துக் கிரயம். நெம்பியாகிவிட்டது.

மாத வாடகை இப்போது இருபத்துநாலாயிரம்தான் வரும். தவணைக்குக் குறையும் ஏழாயிரத்தை மேசை வருமானத்தில் சரிக்கட்டலாம். பவளத்திடம் இதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பஞ்சாங்கத்தில் என் ராசிக்கு வரவு பதினாலு, செலவு இரண்டு. மாங்காய்ப் பச்சடி நன்றாக இருந்தது.

மே 13

திருவிழா அன்னதானங்களுக்குப் பவளத்தின் கடையில் ஓர் அண்டா மிச்சமில்லாமல் வெளியே போயிருந்தது. இன்று எல்லாம் திரும்பி வந்தன. அவள் கடையில் பாத்திரம் கழுவும் அம்மாள் (பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது) புளியும் சாம்பலுமாக உட்கார்ந்திருந்தார். குடோனில் இடம் போதவில்லையாம். குடோன்காரர் வாடகையை ஐயாயிரமாக ஏற்றிவிட்டாராம். "வாடகைக்கு இருக்குறவங்க பாவம்" என்று ஆறுதல் சொன்னேன்.

ஜூன் 28, சனி

இரண்டு வாடகைக்காரர்கள் காலி செய்கிறார்கள். ஆடி பிறப்பதற்குள் வேறு வீட்டில் பால் காய்ச்ச வேண்டுமாம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், ஆளுக்கு முப்பதாயிரம். வீட்டை விற்றவர் என்னிடம் ஒப்படைத்த அந்த முன்பணம்தான் மோட்டாரும் கழிவுநீர் லாரியும் மூன்று மாதத் தவணைப் பற்றாக்குறையும் ஆகிவிட்டதே! மேசை வருமானத்தையும் சீட்டுப் பணத்தையும் வழித்துக் கொடுத்தேன்.

சீனிச்சாமியைக் கூப்பிட்டு உடனே ஆள் பிடிக்கச் சொன்னேன்.

"அண்ணே, இனிமே யாருண்ணே வருவா? ஆடியில எவன் வீடு மாறுவான்? ஆவணிக்குப் பாப்போம்."

வாடகை பன்னிரண்டாயிரம். தவணை முப்பத்தோராயிரம்.

ஜூலை 2, புதன்

இருதயராஜ் வந்தார். சொந்த வீடு கட்டி முடித்துவிட்டாராம். ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்கிறாராம். ஜூலை முடிவதற்குள் நாலு லட்சம் வேண்டுமாம்.

"ஆடியில கிரகப்பிரவேசமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நாங்க ஆடி பாக்குறதில்ல சார். ஃபாதர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போவாரு."

"ஒத்தின்னா மூணு மாசமாவது டைம் குடுக்கணுமே?"

அவர் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். 'இருவரில் யாரும் ஒரு மாத முன்னறிவிப்பில்.' வாடகை மாதிரியில் இருக்கும் ஷரத்து. நானே தட்டச்சு செய்தது. எழுத்துப் பிழைகூட இல்லை.

ஜூலை 5

தவணை திரும்பிவிட்டது. கணக்கில் பணமில்லை என்று போனுக்குச் செய்தி வந்தது. அபராதம் தனி.

ஜூலை 9

மேசைப் பக்கம் இருதயராஜின் சைக்கிள் தெரிந்ததும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். கால் மரத்துவிட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் முழுவதையும் படித்தார். ராசிபலன் உட்பட.

கிளம்பும்போது மெஷினைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்: "சார், நாளைக்கு வர்றேன். உங்க செருப்பு வெயில்ல கெடக்கு, உள்ள எடுத்து வைங்க."

ஜூலை 11, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டார். குரலில் மரியாதை கூடியிருந்தது. "ஆடியில வீடு காலியா இருக்குங்க சார், ஆவணி பொறக்கட்டும்" என்றேன்.

"பேங்குக்கு ஆடி கிடையாது சார். பழங்காநத்தம் டாக்குமெண்டும் எங்ககிட்டதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கங்க" என்றார்.

அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட வெயிலில் நானும் பவளமும் மாறி மாறித் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். கொத்தனார் கூலியை மிச்சம் பிடிக்க அவளே செங்கல் எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு எங்கும் சொல்ல முடியாது, இங்கே எழுதிவிட்டேன்.

சாப்பிடும்போது பவளம், "இருதயராஜுக்கு நாலு லட்சமுந்தான குடுக்கணும்?" என்றாள். அவர் பெயரை நான் வீட்டில் சொன்னதே இல்லை. தூக்கத்தில் உளறியிருப்பேன். "யாரு இருதயராஜ்?" என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

ஜூலை 15

பவளத்தின் கழுத்தில் இரட்டைவடச் சங்கிலியைக் காணோம். பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறாளாம். ஆடித் தள்ளுபடி பாலிஷுக்கும் உண்டு போல.

ஜூலை 19, சனி

அதிர்ஷ்டம் வந்துவிட்டது! ஆடி மூணாம் தேதி, அதுவும் ஒத்திக்கு ஒரு பார்ட்டி!

குடியிருக்க இல்லையாம், சாமான் போட்டு வைக்கத்தானாம். அதனால் ஆடி கீடி பார்க்கவில்லை. நாலு லட்சம், பேரம் பேசவே இல்லை. பெயர் சோலையம்மாள். பெரிய இடத்துப் பெண்மணியாகத்தான் இருக்க வேண்டும். நேரில் வரமாட்டார், எல்லாம் சீனிச்சாமி மூலம்தான். "கொஞ்சம் கறாரான பார்ட்டிண்ணே" என்றான். "இருக்கட்டும்டா, கறாரானவங்களோடதான் தொழில் செய்யணும்" என்றேன்.

ஷரத்துகளைச் சீனிச்சாமி ஒரு தாளைப் பார்த்து வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். நாலைந்து பக்கம் போயிற்று. என் கை தட்டச்சு செய்யும்போது மூளை ஓய்வெடுத்துக்கொள்ளும். இருபத்தாறு வருடப் பழக்கம் அது. இல்லாவிட்டால் ஊரார் வழக்கெல்லாம் என் தலையில் ஏறிவிடுமே. கடைசிப் பக்கத்திலும், சீனிச்சாமி கூடவே நீட்டிய ஒன்றிரண்டு தாள்களிலும் கையெழுத்துப் போட்டேன்.

பணத்தை என் கையில் கொடுக்காமல் நேராக இருதயராஜ் கணக்கில் போட்டுவிட்டார்களாம். என்ன நாகரிகம்!

ஜூலை 23

இன்று பெஞ்சில் உட்கார்ந்து இருதயராஜோடு சேர்ந்து ராசிபலன் படித்தேன். நல்ல மனிதர்.

ஜூலை 30

ரிங் ரோடு மனைக்காரர் போன் செய்தார். ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக நான் அனுப்பிய கடிதம் கிடைத்ததாம். ஒரு லட்சம் பிடித்துக்கொண்டு ஆறைத் தருகிறாராம். நான் எங்கே கடிதம் அனுப்பினேன்? சீனிச்சாமியைக் கேட்டால், "அன்னைக்குக் கையெழுத்துப் போட்டீகளேண்ணே, அதுல ஒண்ணு" என்கிறான். அதோடு போனை அணைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதை எழுத உட்கார்வதற்குள் மூன்று தடவை முகம் கழுவினேன்.

காலையில் வாடகை வாங்க ஆனையூர் போனேன். இருக்கிற இரண்டு வாடகைக்காரர்களும் வாசலிலேயே நின்று, "அந்தம்மாகிட்ட நேத்தே குடுத்துட்டோமே சார்" என்றார்கள். எந்தம்மா? நகல் ஒன்றை நீட்டினார்கள். நான் தட்டச்சு செய்த ஒப்பந்தம். அங்கேயே, வேப்பமரத்தடியில் நின்று முதல் தடவையாக வாசித்தேன்.

'தவணை ஒன்று தவறினாலும், எல்லா வாடகையையும் ஒத்திதாரரே வசூலித்து நேராக வங்கியில் செலுத்துவார்.' 'ஒத்திதாரரின் சம்மதமின்றி வேறு எந்தப் போர்ஷனையும் ஒத்திக்கு விடக்கூடாது.' 'ரிங் ரோடு மனை ஒப்பந்தம் பதினைந்து நாளில் ரத்து செய்யப்படும்.' 'வருடம் என்பது பத்து மாதம் எனக் கொள்ளப்படும்.'

கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன். அப்போதுதான், பூட்டியிருக்க வேண்டிய நாலாவது போர்ஷனுக்குள்ளிருந்து அண்டா உருளும் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளினேன். கூரை வரை அண்டாவும் சேரும் அடுக்கியிருந்தது. பாத்திரம் கழுவும் அம்மாள் எழுந்து, "வாங்கய்யா" என்றார்.

"உங்க பேரு?"

"சோலையம்மாள்ங்கய்யா. பதினோரு வருசமா உங்க கடையிலதான இருக்கேன்."

அவருக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் பவளம் உட்கார்ந்து கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். புருஷனை இப்படி ஊர் சிரிக்க வைப்பாயா, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேனே" என்றாள். "பத்து மாசம்னு சொன்னேன். பதினெட்டு வட்டின்னு சொன்னேன். செங்கல்லு வைங்கன்னு சொன்னேன். பொண்டாட்டி சொன்னா சிரிக்கிறீங்க. பார்ட்டி சொன்னா கையெழுத்துப் போடுறீங்க."

"நாலு லட்சம் ஏது?"

அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். சங்கிலி பாலிஷுக்குப் போகவில்லை. அதோடு வளையலும் போயிருக்கிறது. கைகளை நான் பார்க்கவே இல்லை.

"கடன்தான" என்றேன். "எனக்கு மட்டும் புத்தி சொல்ற?"

"கடன் வாங்குறது தப்புன்னு நான் எப்பச் சொன்னேன்? இந்த முந்நூறு சேரும் கடன்ல வாங்குனதுதான். வட்டியவிடக் கூட சம்பாதிக்கிற சாமானுக்குத்தான் வாங்குவேன். கல்யாணமே இல்லாத மாசத்துக்கும் தவணைய எடுத்து வச்சுட்டுத்தான் வாங்குவேன். இந்த நகைக்கு வருச வட்டி முப்பத்தாறாயிரம். குடோன் வாடகை அறுபதாயிரம் மிச்சம். இது நெம்புறது. நீங்க பண்ணது பாறைக்கு அடியில போயி படுத்துக்கிட்டது."

சோலையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்த அன்றே இருதயராஜ் அவள் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டாராம், மிச்சத்தைச் சீனிச்சாமி சொன்னானாம். ஜூலைத் தவணையையும் ஆகஸ்டுத் தவணையையும் பவளம் கட்டிவிட்டாளாம், அவளுடைய ஆடிப் பணத்திலிருந்து. திருவிழாவில் சம்பாதித்ததை ஆடிக்கென்று ஒதுக்கி வைப்பாளாம். இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, வீடு போகாது என்று தெரிந்ததில் உடம்பெல்லாம் லேசாகி, அந்தச் சேர் அடுக்கில் சாய்ந்து அழுதுவிட்டேன். மேலே இருந்த நாலு சேர் சரிந்து விழுந்தன.

"சேதம்னா காசு பிடிப்போம்" என்றாள் பவளம். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 8

மனைக்காரர் ஆறு லட்சம் கொடுத்துவிட்டார். நாலு லட்சத்தை இன்னொரு ஒத்திக்காரருக்குத் திருப்பியாயிற்று. அவர் இனி ஆறாயிரம் வாடகைக்கு இருக்கிறாராம். மிச்சம் இரண்டு லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பாஸ்புக்கைப் பவளம் வைத்துக்கொண்டாள். அட்டையில் பென்சிலால் 'செங்கல்' என்று எழுதியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 12

பழங்காநத்தம் வீட்டை மாதம் பதினாலாயிரத்துக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டது. ஆவணி பிறந்ததும் நாங்கள் ஆனையூரில் காலியான ஒரு போர்ஷனுக்குப் போகிறோம். ஒன்று பவளத்தின் குடோன், மற்ற நாலு போர்ஷனுக்கும் வாடகை. பவளம் பத்து மாதத்தால் பெருக்கினாள், நான் தவணையைப் பன்னிரண்டு மாதத்தால் பெருக்கினேன். எட்டாயிரம் மிச்சம்.

"வருசத்துக்கு எட்டாயிரந்தானா?"

"காபி குடிக்கலாம்ல."

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணியில் நல்ல நாள். புது இடத்தில் பால் காய்ச்சினோம். இருதயராஜ் வந்து கேக் கொடுத்துவிட்டுப் போனார். சோலையம்மாளுக்கு நானே எழுந்து நாற்காலி போட்டேன்.

மத்தியானம் பவளம் ஓர் ஒப்பந்தம் தட்டச்சு செய்யச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். இந்தப் போர்ஷனில் குடியிருக்கும் நாகசுந்தரம், மாதாமாதம் மூவாயிரம் ரூபாயைத் தன் மேசை வருமானத்திலிருந்து ஐந்தாம் தேதிக்குள் பவளக்கொடியிடம் கொடுக்க வேண்டும்.

"என் வீட்டுல நானே வாடகை குடுக்கவா?"

"வாடகை இல்ல. நகைக்கடன் வட்டி. கழுத்து காலியா இருந்தா கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க."

இந்தத் தடவை முழுவதையும் வாசித்தேன். பிறகு, இவ்வளவு நாள் கற்றுக்கொண்டதைக் காட்டிவிடலாம் என்று, பேனாவைத் திறந்தபடியே கேட்டேன்:

"வருசத்துக்குப் பத்து மாசந்தான?"

பவளம் நிமிர்ந்து பார்த்தாள். "அது எனக்கு வர்ற கணக்கு. நான் கட்ட வேண்டியது பன்னெண்டு. பேங்குக்கு ஆடி கிடையாது. இருதயராஜ் சாருக்கும் ஆடி கிடையாது."

"எனக்கு?"

"புருசனுக்கு மார்கழியும் கிடையாது" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். இனி இந்த டைரியைப் பவளம் எடுத்துக்கொள்கிறாள். பால் கணக்கு எழுத வேண்டுமாம்.